மலைநாட்டு மழையும் கீழைக்கரை அலையும்

கண்டி மாநகரினின்று கடலைக் காணல் இயலாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த அந்நகருக்கு வாய்த்த பெருநீர்ப் பரப்புக்கள் இரண்டே. ஒன்று, ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைப்பித்த ஏரி. மற்றொன்று, நகரை வளைந்தோடும் மகாவலி கங்கை. ஏரியில் அலை எழுவதில்லை. கங்கையோ 335 கிலோமீற்றர் ஓடித் திருக்கோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. இங்ஙனம் கடலுக்கு அயலாய் நிற்பினும், இலங்கைக் கரைகளில் அலையேறி விளையாட விழைவோர் எம்மாதத்தில் எக்கரையை நாடல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண முயல்வோர், கண்டியைச் சூழ்ந்த மலைகளிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்குதல் பொருந்தும். குறிஞ்சியை அறியாது நெய்தலை அறிதல் இத்தீவில் அரிது.

அலைச்சறுக்கு என்பது, நீண்டு தட்டையான பலகையொன்றின்மீது நின்று, கரைநோக்கி உடைந்துவரும் அலையின் சரிவிலே வழுக்கிச் செல்லும் விளையாட்டு. மக்கள் வழக்கில் இதனைச் 'சேர்பிங்' என்பர். பசிபிக் மாகடலின் பொலினீசியத் தீவுகளே இதன் பிறப்பிடம். கப்பற்றலைவர் குக் என்பாரின் மூன்றாம் கடற்பயணத்திற் கலந்துகொண்ட ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி, ஹவாய்த் தீவின் கியலகெகுவாக் குடாவில் மக்கள் பலகைமீது அலையேறி வந்ததை 1779ஆம் ஆண்டிற் கண்டு எழுதிவைத்தார். அத்தீவுகளில் அது அரசரும் குடிகளும் ஒருங்கே பயின்ற கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டுச் செல்வாக்கினால் அது நலிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தளிர்த்தது. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்ற ஹவாய்வாசியான டியூக் கஹனமோகு, 1914ஆம் ஆண்டின் இறுதியில் அவுஸ்திரேலியா சென்று அலைமீது நின்று காட்டியதன் பின்னரே அந்நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றியது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. சோழமண்டலக் கரையிலுள்ள மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்.

மாமல்லபுரத்தைக் குறிப்பிடுகையில் ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பே. கட்டுமரத்தின்மேல் நின்றும் முழந்தாளிட்டும், உடையும் அலையின் முதுகிலேறி ஒரே வீச்சிற் கரைசேரும் வித்தையைத் தமிழ்ப் பரதவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அதனை விளையாட்டென அவர்கள் கருதவில்லை. மீனொடும் வலையொடும் உயிரொடும் வீடு திரும்பும் வழியென்றே கருதினர். ஒரே திறமை ஓரிடத்திற் களியாட்டமாகவும் மற்றோரிடத்திற் கடுந்தொழிலாகவும் வளர்ந்தமை ஆராயத்தக்கது.

இனி, அலை பிறக்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். கரையில் நிற்போர், அலை அவ்விடத்துக் காற்றினால் எழுந்ததென எண்ணுவர். பெரும்பாலும் அஃதன்று. இலங்கையின் தென்கரையையும் கீழ்க்கரையையும் வந்தடையும் ஒழுங்கான நெடுந்திரைகள், நிலநடுக்கோட்டுக்கு நெடுந்தொலைவு தெற்கே, ஏறக்குறைய 40 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்ட தென்மாகடற் பகுதியிலே பிறப்பவை. நிலம் குறுக்கிடாத அப்பரப்பிற் புயற்காற்று நாட்கணக்கில் வீசிக் கடலைக் கலக்குகின்றது. கலங்கிய கடலினின்று பல்வேறு அளவினவாகிய அலைகள் புறப்படுகின்றன. அவற்றுள் நெடியவை விரைந்து முன்செல்லும். குறியவை பின்தங்கித் தேயும். ஆகவே தொலைவு மிகமிகத் திரைகள் தாமே வகைப்பட்டு, நெல்லைத் தூற்றினாற்போலப் பிரிந்துவிடுகின்றன.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வருதற்கு 14 வினாடி செல்லுமாயின், ஆழ்கடலில் அவ்விரு முகடுகளுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 300 மீற்றர்; தனிமுகட்டின் விரைவு மணிக்கு 79 கிலோமீற்றரளவு. ஆயின், அலைக்கூட்டம் முழுவதும் முன்னேறும் விரைவு அதிற் பாதியே. 45 பாகைத் தெற்கிலிருந்து இலங்கையின் தென்கரைக்கு ஐயாயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவு உண்டாகலின், அங்குப் பிறந்த திரை இங்குவந்து சேர ஆறு நாட்கள் வேண்டும். திங்கட்கிழமை தென்மாகடலில் எழுந்த சீற்றம் ஞாயிறன்று பொத்துவிற் கரையில் வெண்ணுரையாய் முடிகின்றது. நீர் அத்துணைத் தொலைவு வருவதில்லை என்பதும் கருதத்தக்கது. வருவது ஆற்றலே, நீர்த்துளிகள் ஏறக்குறைய நின்றவிடத்திலேயே வட்டமிட்டுச் சுழல்கின்றன.

முகடுகளின் இடைத்தூரத்திற் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடற்றரையை உணரத் தொடங்கும். அடிப்பகுதி தடையுற, முன்செல்லும் முகடு விரைவு குன்றும். பின்வருவது அதனை நெருங்கும். இடைத்தூரம் சுருங்க உயரம் மிகும். நீரின் ஆழம் அலையுயரத்தின் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது மேற்பகுதி அடிப்பகுதியை முந்திக்கொண்டு கவிழ்ந்துவிடும். ஒரு மீற்றர் அலை, இடுப்பளவுக்குச் சற்று மிகுந்த நீரிலே உடைகின்றது என்றால் விளங்கும். கரை முழுவதும் ஒரே ஆழமாயின் அலையும் முழுநீளத்துக்கும் ஒருங்கே கவிழும். அதிற் சறுக்குவோருக்கு இடமில்லை. முனையொன்று கடலுக்குள் நீண்டு, அதன் அடியிற் பாறையும் மணலும் சாய்வாகப் படிந்திருப்பின், அலை முனையருகே முதலில் உடைந்து, பின் படிப்படியாக உட்குடாவை நோக்கி உடைந்துகொண்டே செல்லும். அவ்வுடைவுக்குச் சற்று முன்னால், இன்னும் உடையாத சரிவிலே பலகை ஓடுகின்றது. நல்ல அலையிடம் என்பது நல்ல முனையே என்று கூறினும் மிகையாகாது.

திரை மட்டும் போதுமாயின் தென்மேற்குக் கரையே இவ்விளையாட்டுக்கு ஆண்டு முழுதும் ஏற்றதாயிருத்தல் வேண்டும். தென்மாகடலின் அலை அங்குத் தங்குதடையின்றி வந்து சேர்கின்றது. அதனைக் கெடுப்பது காற்று. மேமாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அக்கரையைக் கடற்பக்கத்திலிருந்து நேரே தாக்குகின்றது. கடலிலிருந்து கரைநோக்கி வீசும் காற்று, வரும் அலையின் முதுகில் அறைந்து அதனை முன்கூட்டியே சிதறடிக்கும். அப்போது ஹிக்கடுவையிலும் வெலிகமையிலும் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். மீனவர் வள்ளங்களைக் கரையேற்றிவிடுவர். அதே காற்று தீவைக் கடந்து கீழைக்கரையை அடையும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. எதிர்வரும் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடித்து, கவிழ்தலைத் தாமதப்படுத்தி, சரிவை வழவழப்பாக்குகின்றது. திரையும் ஒன்று, காற்றும் ஒன்று. கரையின் முகம் மாறுவதால் ஒருபுறம் கேடாவது மறுபுறம் நலமாகின்றது. நவம்பர் முதல் ஏப்பிரல் வரை இந்நிலை தலைகீழாகும். வாடைக்காற்று கீழைக்கரையைத் தாக்க, தெற்கும் தென்மேற்கும் அமைதியுறும்.

இக்காற்றுக்கும் மழைக்கும் இடையே நிற்பவை கண்டியைச் சூழ்ந்த மலைகள். தென்மேற்கிலிருந்து ஈரம் சுமந்துவரும் காற்று மலைமுகத்தில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டுகின்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டுமழை 5,000 மில்லிமீற்றரையும் கடப்பதுண்டு. கண்டி நகர் அதிற் பாதியும் பெறாதெனினும், இருபருவ மழையிலும் பங்கு பெறுகின்றது. ஈரத்தை இழந்து கீழ்ப்புறச் சரிவில் இறங்கும் காற்றோ அழுத்தத்தாற் சூடேறி வறண்டுவிடுகின்றது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று பெயரிட்டு அஞ்சும் கோடைக்காற்று இதுவே. (இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். அறுகம்குடாவுக்குத் தெற்கே வெளிநாட்டார் 'பீனட் பாம்' என வழங்கும் அலையிடத்தைக் கச்சான் தோட்டம் என மொழிபெயர்ப்பவர், காற்றையும் கடலையையும் ஒரே சொல்லிற் பெற்றுவிடுவர்.)

இம்மாற்றத்தை ஒரே நாளிற் கண்கூடாகக் காண விரும்புவோர் ஜூலை மாதத்தில் கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவில் பயணம் செய்தல் வேண்டும். தெல்தெனியாவிலும் உன்னஸ்கிரியாவிலும் மூடுபனியும் தூறலும் தொடர்ந்து வரும். உடதும்பறைக்கு அப்பால், மலை திடீரெனக் கீழிறங்குமிடத்தில், பேர்பெற்ற 18 வளைவுகள் தொடங்குகின்றன. மேல் வளைவிற் குடை பிடித்தவர் கீழ் வளைவிற் குடையை மடிப்பர். அடிவாரத்தில் வானம் வெளுத்துப் புல் காய்ந்து கிடக்கும். மகியங்கனையிலிருந்து பதியத்தலாவை, அம்பாறை வழியாகப் பொத்துவிலை அடையும்போது மழையென்பதே மறந்துபோகும்.

இவ்வழி புதியதன்று. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, மகியங்கனைப் பகுதியூடாகவே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். 1660இற் கொட்டியாரத்திற் பிடிபட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் மலைநாட்டினுட் கொண்டுசெல்லப்பட்டு, ஏறக்குறைய 19 ஆண்டுகள் கழித்தே தப்பினார். அக்காலக் கண்டியரசுக்குக் கீழைக்கரை ஒரு வாயில். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரைமுழுவதையும் தமதாக்கிக்கொள்ள, அவ்வாயில் அடைபட்டது. கண்டி கடலற்ற அரசாயிற்று.

கீழைக்கரையின் அலையிடங்களுள் முதன்மையானது அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குத் தெற்கே அமைந்த அறுகம்குடா. அறுகம்புல் காரணமாக இப்பெயர் பெற்றதென்பர். குடாவின் தென்முனையை வளைந்து வரும் தென்றிசைத் திரை, முனையின் பாறைப்படுகையிலே முதலில் உடைந்து வடக்குநோக்கி விரிகின்றது. பலகையில் நின்று கரையை நோக்குவோருக்கு அது வலப்பக்கம் ஓடுதலின் வலப்பக்க அலை எனப்படும். பருவகாலத்தில் ஒன்று முதல் இரண்டு மீற்றர் உயரம் இயல்பு. நல்ல நாளிற் சில நூறு மீற்றர் வரை ஒரே அலையிற் செல்லுதல் கூடும். விடியற்காலையிற் காற்று அடங்கிக் கடல் கண்ணாடிபோலிருக்கும். முற்பகல் ஏறஏற நிலம் சூடாகிக் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் குலைக்கும். ஆகலின் தேர்ந்தவர் கதிரவன் எழுமுன்னரே நீரில் இறங்குவர். நீரின் வெப்பநிலை 27 பாகை சதம அளவை அல்லது அதற்கு மேலாகவே இருத்தலின், குளிர்நாடுகளிற்போல இறப்பர் உடை தேவையில்லை. ஏற்றவற்றமும் ஒரு மீற்றருக்குட்பட்டதாகலின், ஓதத்தைப் பார்த்துக் காலம் குறிக்கவேண்டிய இடர்ப்பாடும் குறைவு. வடக்கே 'விஸ்கி' முனையும் பொத்துவில் முனையும் மணலடி உடையவை. பயில்வோருக்கு அவை தக்கவை.

தெற்கே செல்லச்செல்லக் குடியிருப்புக் குறைந்து காடு மிகுகின்றது. பாணமையைக் கடந்தால் உகந்தை. அங்குள்ள மலைமீதும் அடிவாரத்திலும் முருகனும் வள்ளியும் கோயில்கொண்டுள்ளனர். முருகப் பெருமான் கடல்வழியே வந்து இறங்கிய இடம் அதுவென்பது ஐதிகம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக்கரை வழியே நடந்துவரும் அடியார் கூட்டம், உகந்தையிற் தங்கிக் குமுனைக் காட்டினுட் புகுந்து கதிர்காமத்தை அடைகின்றது. ஆடிவேல் விழாவை ஒட்டிய அந்நாட்களே அலைகளின் உச்சப் பருவமும் ஆகும். ஒரே மணற்பாதையில் வேலும் பலகையும் எதிர்ப்படுகின்றன. அதே காலத்தில் கண்டியில் நிகழும் எசலப் பெரகராவிலும் கதிர்காமத் தேவாலயத்தின் ஊர்வலம் இடம்பெறுகின்றது என்பதை நோக்குமிடத்து, மலைக்கும் கரைக்கும் நாட்காட்டி ஒன்றே என்பது புலனாகும்.

தென்கரையைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது பலரும் அறிந்த கரை. வெலிகமையின் விரிந்த மணற்குடாவில் அலை மென்மையாக உடைதலின், முதன்முதற் பயில்வோர் அங்கேயே பெரிதும் கூடுகின்றனர். மிதிகமையிலும் ஹிக்கடுவையிலும் அலை பவளப்பாறைமீது உடைகின்றது, காலைக் கீறும். ஹிக்கடுவைப் பவளம் 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தால் வெளிறிப் பெரிதும் அழிந்தது. பாறையின் உருவமே அலையின் உருவமாகலின், இதனை மீன்வளத்தின் இழப்பாக மட்டும் கருதுதல் போதாது.

அறுகம்குடாவின் புகழ் ஊரவர்க்கு நன்மையையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே கொணர்ந்தது. அலையை வளைக்கும் அதே முனையே தென்காற்றினின்று வள்ளங்களையும் காக்கின்றது. ஆதலின் சின்ன உல்லை மீனவரின் படகுத்துறையும் அயலாரின் விளையாட்டிடமும் ஒரே மணல்மேல் நெருங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் 10,000க்கு மேல். அதனையும் ஏனைய அலையோடு ஒப்ப எண்ணுதல் பிழை. காற்றலையின் முகடுகள் வினாடிக்கணக்கில் வருவன. ஆழிப்பேரலையின் முகடுகளுக்கிடையே பல நிமிடங்கள் செல்லும். ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றரளவு விரைந்துவரும் அது, கரையில் அலையாக அன்றி, ஏறிக்கொண்டேயிருக்கும் வெள்ளமாகவே புகுகின்றது. அதில் ஏறிச் சறுக்கத்தக்க சரிவு எதுவுமில்லை.

பேரழிவின் பின் அரசு, கீழைக்கரையிலும் வடகரையிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென ஒரு காப்பு வலயம் வகுத்தது. மேற்கிலும் தெற்கிலும் அது 100 மீற்றர். உயிர்காக்கும் நோக்கிற் செய்ததாயினும், குடிசையிழந்த மீனவன் அகற்றப்பட, விடுதிகளுக்குச் சலுகை காட்டப்படுகின்றது என்ற குறை எழுந்தது. அறுகம்குடாவை அண்டி வாழ்ந்தோர் பலர் அதனை எதிர்த்துக் குரல்கொடுத்தனர். பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. மீனவனுக்குக் கடலருகு வசதிக்காக அன்று. வள்ளம் இருக்குமிடத்திலேயே அவன் இருத்தல் வேண்டும். இந்நியாயத்தை அன்று திட்டம் வகுத்தோர் போதிய அளவு எண்ணியதாகத் தெரியவில்லை.

மற்றோர் இடர் மணலைப்பற்றியது. கீழைக்கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. சாய்ந்துவரும் அலைகள் அதனைப் பெரும்பாலும் வடக்குநோக்கித் தள்ளிச் செல்கின்றன. குறுக்கே சுவரொன்று எழுந்தால், தென்புறம் மணல் குவியும். வடபுறம் மணல் பெறாது கரை அரிபடும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தில் நேர்ந்தது இதுவே. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புக்களும் காணிகளும் கடலுட் சென்றன. அலையிடமொன்றின் உயிர் அதன் அடிமணலாதலின், இக்கரையில் எக்கட்டடம் எழுப்பும்போதும் ஒலுவிலின் கதையைப் படித்தபின் எழுப்புதல் அறிவுடைமை.

இவ்விளையாட்டில் ஊர்மக்களின் பங்கும் சிறிதன்று. 2018இல் அறுகம்குடாவில் மகளிர்க்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. பெண்கள் நீரில் இறங்குதலையே பலர் ஏற்காத சூழலில் இது எளிதில் நிகழ்ந்த மாற்றமன்று. 2019 செப்ரெம்பரில் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிச் சுற்றுப் போட்டியொன்றும் அங்கு நடைபெற்றது.

மலைநாட்டிலிருந்து கல்விச் சுற்றுலாவாகக் கரைக்குச் செல்லும் மாணவர்க்கும் அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் ஒன்று இன்றியமையாதது. ஆற்றுநீச்சல் கடலிற் போதாது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் திரும்பிச் சென்றே ஆகவேண்டும். அது எங்கும் பரவிச் செல்லாது, ஆழமான ஓர் ஒடுங்கிய கால்வழியாகத் திரண்டு கடலுக்கு விரைகின்றது. அக்கால்வழியில் அலை உடைவது குறைவாதலின், பார்வைக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். குளிக்கச் செல்வோர் அவ்வமைதியை நம்பி அங்கேயே இறங்குகின்றனர். நீரோட்டம் இழுக்குமாயின், அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துதல் கூடாது. வலிமை மிக்கவரும் அதிற் களைத்து மாய்வர். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, வெண்ணுரை தோன்றுமிடத்தை அடைந்தபின் அலையோடு கரைக்கு வருதலே வழி. இழுக்கப்படுபவரைக் காக்க ஒருவர்பின் ஒருவராகக் குதித்தலால் ஓருயிர் போகவேண்டிய இடத்தில் மூன்று நான்கு உயிர் போகின்றன. பலகையோ, காற்றடைத்த குழாயோ, வெறும் நீர்க்கலமோ எறிதல் குதித்தலினும் சிறந்தது. பலகையோடு நீரில் இருப்போர் பலமுறை உயிர்காப்போராக விளங்குவதும், அவர்கள் இக்கால்வழிகளை நன்கறிந்து, கடலுக்குட் செல்ல அவற்றையே பயன்படுத்துவதாலேயே.

ஒக்ரோபரில் காற்றுத் திசை தடுமாறும். கண்டியிற் பிற்பகல்தோறும் இடியும் மின்னலுமாக ஆண்டின் மிகுமழை தொடங்கும். மகாவலி கலங்கிச் சிவக்கும். அறுகம்குடாவிற் பல விடுதிகள் கதவடைக்கும். பலகைகளை வண்டியிலேற்றிக்கொண்டு பயிற்றுநர் வெலிகமைக்குப் புறப்படுவர். இவ்விடப்பெயர்ச்சி அவர்கள் கண்டுபிடித்ததன்று. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேல்கரை ஊர்களின் மீனவர், சோளகம் எழும்போது வள்ளமும் வலையும் குடும்பமுமாகக் கீழைக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில்செய்து, வாடை எழும்போது சொந்த ஊருக்குத் திரும்புதலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றனர்.